பதில் வராத பூட்டு

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. சரியாக இருக்கின்றன. ஆனால் தொழிற்சாலையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது, செக்ரட்டரி அக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்திரண்டு. சலவைத் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய சந்தில், மாடி வீட்டில், கணவரோடு குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. மேற்படி தொழிற்சாலையில் இஸ்திரி ரோலர் பிரிவில் வேலை செய்கிறேன், அங்குள்ள தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளராகவும் இருக்கிறேன். மேனேஜரின் வலது மணிக்கட்டில் ஸ்பேனரால் அடித்தது நான்தான். அதில் எனக்கும் புகாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏன் அடித்தேன் என்பதில்தான் ஆளுக்கொரு கதை ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் லாரியில் வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம். உலர்த்துகிற டிரையர்கள் ஒவ்வொன்றும் ஒரு ஆள் குனிந்து உள்ளே போய் உட்காரும் அளவுக்குப் பெரியவை. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சுத்தூசி உள்ளே சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும், அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் தீப்பிடிக்கும். அதைச் சுரண்ட ஒருவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். முன்பு ஒருமுறை அப்படி ஒருவர் உள்ளே இருந்தபோது, அது தெரியாமல் வேறொருவர் வெளியே சுவிட்சைப் போட்டுவிட்டார். உள்ளே இருந்தவர் பிழைத்தார், ஆனால் இடுப்பு பழைய இடுப்பாக இல்லை. நாங்கள் அவரைக் காவல்காரர் என்று கூப்பிடுவோம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு சங்கம் போராடி இரண்டு விஷயங்களை வாங்கியது. முதலாவது பூட்டு. எல்லா இயந்திரங்களின் சுவிட்சுகளும் ஒரே சுவரில் வரிசையாக இருக்கின்றன. இயந்திரத்துக்குள் போகிறவர் சுவிட்ச் லீவரைக் கீழே இறக்கி, அதில் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போட்டவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே நேரில் வந்தாலும் இன்னொருவர் பூட்டில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஒருவர் உள்ளே இருக்கும்போது டிரையர் கதவருகில் இன்னொருவர் காவல் நிற்க வேண்டும். அந்த வேலையை இடுப்பு அடிபட்டவருக்கே கொடுத்தார்கள். அதனால்தான் அவர் காவல்காரர்.

இத்தோடு நாங்களாகவே ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம், அது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. இயந்திரத்தை ஓட்டப் போகிறவர் சுவிட்ச் சுவர் முன்னால் நின்று, தொங்குகிற பூட்டைப் பிடித்து "யாருது?" என்று சத்தம் போட வேண்டும். பூட்டின் சொந்தக்காரர் எங்கிருந்தாலும் "என்னுது" என்று பதில் கொடுத்துவிட்டு வந்து கழற்ற வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் உள்ளே இருப்பதாகத்தான் அர்த்தம். அப்புறம் பூட்டை விட்டுவிட்டு ஆளைத் தேட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளத் தேதியைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

சென்ற மாதம் நிர்வாகம் காவல்காரரை டிரையர் பக்கத்திலிருந்து எடுத்துக் கேட்டுக்கு மாற்றிவிட்டது. பூட்டு இருக்கும்போது காவல் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். பூட்டு லீவரைப் பிடித்துக்கொள்ளும் சார், உள்ளே ஆளுக்கு மயக்கம் வந்தால் யார் பிடிப்பது என்று நான் கேட்டேன். அவர் பார்ப்போம் என்றார். எங்கள் மேனேஜர் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு சங்கக் கூட்டத்தில், ஒரு நாள் காலை வேலை தொடங்கும் நேரத்தில் எல்லோரும் எல்லா சுவிட்சுகளிலும் அவரவர் பூட்டைப் போட்டுவிடுவது என்று முடிவானது. வேலைநிறுத்தம் என்றால் ஆளைத் தூக்குவார்கள், பூட்டை ஒப்பந்தப்படி தொடக்கூட முடியாது என்பது எங்கள் கணக்கு. யோசனை என்னுடையது. மேனேஜர் மீறி வெட்டினால் வெட்டட்டும், யாரும் தடுக்கக் கூடாது, படம் பிடித்துக்கொண்டு தொழிலாளர் துறையிடம் போகலாம் என்றும் தீர்மானம் போட்டோம். யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று மேசையைத் தட்டிச் சொன்னதும் நான்தான்.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அதே தொழிற்சாலையில் டிரையர் பிரிவில் இருக்கிறார். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று வெளியே சொல்லிக்கொள்வார். உண்மைக் காரணம் வேறு. அவருடைய அப்பா வேலை பார்த்த ஆலை ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை, ஆகவே சங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் கண்ணுக்கு மூடிய கேட்தான் தெரியும். எங்கள் பிரிவுப் பெண்கள் அவருக்கு நிர்வாகத்து மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேண்டீனில் அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பூட்டுப் போடும் தீர்மானம் வந்த அன்று சாப்பிடும்போது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர், "உள்ள போய்ச் சுரண்டிட்டு வர்ற நேரத்துக்கு வெளிய ஒருத்தன் நின்னு வாய் பாக்கணுமா? இதுக்குப் போய் மெஷினையெல்லாம் நிறுத்துவீங்களா?" என்றார். நான் பதில் சொல்லப் போய், வார்த்தை தடித்து, கடைசியில் அவரைக் கருங்காலி என்று சொல்லிவிட்டேன். சொன்னது எனக்கே சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் திரும்பப் பெறவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. பேச்சு நின்றால் அவர் எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவைப் பார்த்துச் சொல்வார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பதில் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான், இதில் புதுமை எதுவும் இல்லை.

சம்பவத்துக்கு முந்தைய நாள் மாலையில் அவர் கதவிடம், "நாளைக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். யாரும் தேட வேண்டாம்" என்றார். நான் குழாயிடம், "இங்க யாரும் தேடலை" என்றேன். மறுநாள் நான் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். அண்ணன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார், நல்லதுதான், இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் புறப்பட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் பெரும்பாலும் சுவிட்ச் சுவர் முன்னால் கூடியிருந்தார்கள். சில லீவர்களில் ஏற்கெனவே பூட்டுத் தொங்கியது. இரண்டாம் டிரையரின் லீவரும் இறக்கப்பட்டு, ஒற்றைப் பூட்டோடு இருந்தது. மடிப்புப் பிரிவின் பெரியக்கா அதைக் காட்டி, "பாத்தியா, நமக்கு முன்னாடியே யாரோ வந்து போட்டுட்டாங்க. ரோஷக்காரி" என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதை அப்படியே விட்டு, மற்ற லீவர்களில் எங்கள் பூட்டுகளைப் போட்டோம். கம்பெனி கொடுக்கிற பூட்டுகள் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு ஒன்று தொங்கும், அதை வைத்துத்தான் அடையாளம்.

அந்தச் சீட்டுகள் விஷயத்தில் எங்கள் தரப்பில் ஒரு தவறு நடந்தது. யார் யார் பூட்டு என்று நிர்வாகம் பெயரை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகப் பழிவாங்கும் என்ற பயத்தில், சீட்டுகளைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அந்த வேலையைத் துவைப்புப் பிரிவில் இருக்கிற, நாங்கள் ஸ்பீக்கர் என்று அழைக்கிற பெண்ணிடம் விட்டோம். பெயருக்கேற்ற தொண்டை அவளுக்கு. அவள் வரிசையாகப் போய் எல்லாப் பூட்டுகளிலிருந்தும் சீட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை. பிறகு நான் கேட்டபோது, "பூப் பறிக்கிற மாதிரி பறிச்சுக்கிட்டே போயிட்டேன்க்கா, யாரு பேரைப் பாத்தா" என்று அழுதாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கழற்றச் சொன்னவர்கள் நாங்கள். எங்கள் சங்கத்தின் மேலிடத்திலிருந்து வந்தவர் இந்தப் பகுதியை வாக்குமூலத்தில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதச் சொல்லித்தான் நான் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மேனேஜர் வந்தார். அவருடன் ஆபீஸ் கிளார்க்கும், பெரிய கட்டருடன் வெல்டரும் வந்தார்கள். வெல்டர் எங்கள் சங்கத்து ஆள். அவர் என்னைப் பார்த்தார், நான் வெட்டுங்கள் என்று கண்ணால் காட்டினேன், ஏனென்றால் தீர்மானம் அப்படி. மேனேஜர் ஒப்பந்தத்தை மீறுகிறார் என்று நான் உரக்கச் சொன்னேன். அவர், "ஆஸ்பத்திரியில படுக்கைக்கு விரிப்பு இல்லாம நோயாளி கிடக்கறான், நீங்க பூட்டை வெச்சு விளையாடறீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெட்டுவது முதல் இயந்திரத்திலிருந்து தொடங்கியது. வெல்டர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பூட்டையும் பிடித்து "யாருது?" என்று கேட்டார். பூட்டுக்காரர் கூட்டத்திலிருந்து "என்னுது" என்றார். வெல்டர் வெட்டினார். ஒரு லீவரின் பூட்டுகள் எல்லாம் விழுந்ததும் கிளார்க் அந்த லீவரை மேலே தள்ளினார், இயந்திரம் ஓட ஆரம்பித்தது. இப்படியே வரிசையாகப் போனது. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. ஒருத்தி "என்னுதுங்கோ" என்று இழுத்தாள், ஒருத்தி பாட்டாகவே பாடினாள், சிரிப்பு எழுந்தது. பெரியக்கா, "நல்லா நறுக்குன்னு வெட்டுப்பா, கம்பெனிதான அதுக்கும் புதுசு வாங்கித் தரணும்" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரித்தவர்களை அதட்டவில்லை. உயிரைக் காக்கிற ஒரு பழக்கத்தை எங்கள் கண் முன்னாலேயே நாங்கள் நாடகமாக்கிக்கொண்டிருந்தோம், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் டிரையரின் முறை வந்தது. வெல்டர் பூட்டைப் பிடித்து "யாருது?" என்றார். யாரும் பேசவில்லை. கூட்டத்தில் யாரோ, "வெக்கப்படாம சொல்லுடி" என்றார்கள். அதற்கும் சிரித்தார்கள். நான் முன்னால் வந்து, "யாருது?" என்று கேட்டேன். ஸ்பீக்கரையும் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டால் லாரி நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும். பதில் வரவில்லை. சிரிப்பு அத்தோடு நின்றது.

வெல்டர் கட்டரைத் தாழ்த்தி, "சார், பதில் வரலை" என்றார். மேனேஜர், "இதுவும் உங்க கூத்துல சேர்த்தியா? தள்ளு" என்று சொல்லிக் கட்டரைப் பிடுங்கிக்கொண்டார். நான், "சார், உள்ள ஆள் இருக்கலாம், பாத்துட்டு வர்றேன், நிறுத்துங்க" என்றேன். அவர் கட்டரின் வாயைப் பூட்டு வளையத்தில் வைத்து அமுக்கினார். கிளார்க்கின் கை லீவரின் மேல் தயாராக இருந்தது. எங்கள் டிரையருக்கு லீவரைத் தூக்கினால் போதும், சுற்றிவிடும். கதவு திறந்திருந்தால் சுற்றக் கூடாது என்பதற்கு ஒரு சிறிய சுவிட்ச் உண்டு, அது அடிக்கடி மக்கர் செய்கிறது என்று வேலை செய்யாதபடி கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது, அதற்கும் பார்ப்போம் என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. டிரையர்கள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் சுவிட்ச் சுவரிலிருந்து அவற்றைப் பார்க்க முடியாது. ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் வளையம் அறுந்துவிடும் என்று எனக்குப் பட்டது. "கையை எடுங்க சார்" என்று மறுபடியும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பாமல் இன்னும் பலமாக அமுக்கினார். நான் ஏப்ரன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். ஒரே அடிதான். கட்டர் கீழே விழுந்தது, அவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆயுதத்தோடு தயாராக வந்தேன் என்று புகாரில் இருக்கிறது. இஸ்திரி ரோலரின் பட்டை ஓட ஓடத் தளரும், அதை முறுக்குவது என் வேலை, ஆகவே ஸ்பேனர் எப்போதும் என் பையில்தான் கிடக்கும். அதன் கனத்தில் ஏப்ரன் பை கிழியக் கிழிய நான் தைத்த தையலை இப்போதும் பார்க்கலாம்.

அதன் பிறகு பெரியக்கா லீவரைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். நானும் வெல்டரும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓடினோம். இரண்டாம் டிரையரின் கதவு திறந்திருந்தது. கதவருகில் காவலுக்கு யாரும் இல்லை. கதவின் விளிம்பில் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடது காலணியின் பின்பக்கம் விட்டுப்போய், தடித்த கறுப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையல் என் கைத் தையல். உள்ளே இருப்பவர் என் கணவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலைப் பிடித்து இழுத்தேன். அவர் காதில் மாட்டியிருந்த அடைப்பைக் கழற்றிக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். புருவம், மீசை எல்லாம் பஞ்சுத்தூசி அப்பி வெள்ளையாக இருந்தது. என்னையும் வெல்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, அதுக்குள்ள முடிஞ்சுபோச்சா உங்க ஸ்டிரைக்?" என்றார்.  நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுததையும் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு எழுந்து போய், சலவை செய்த தலையணை உறை ஒன்றைக் கிழித்து மேனேஜரின் கையைக் கட்டித் தொங்கவிட்டேன். அவர் மறுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, வலியால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். "உள்ள ஆள் இருந்தது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "எனக்கும் யாருன்னு தெரியாது சார்" என்றேன். அவரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் தெரிந்தே செய்தார் என்று சொல்லச் சொல்லி என்னிடம் சிலர் கேட்டார்கள். அவருக்குத் தெரியாது என்பதே உண்மை. நாங்கள் பூட்டுக்குப் பூட்டு சிரித்த சிரிப்பில் அந்த மௌனமும் கூத்தில் சேர்த்தி என்று அவர் நினைத்திருப்பார்.

என் கணவர் அங்கே வந்தது எப்படி என்பதை நேரில் அறியேன், அவர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். அவர் அண்ணன் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சூப்பர்வைசர் போன் செய்து, இன்று வேலை கெடுபிடியாக இருக்கும், சீக்கிரம் வந்து டிரையரைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது, என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பின் கேட் வழியாக வந்து, லீவரை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சல்லடையைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறார். சூப்பர்வைசர் லாரிகளைப் பார்க்க முன் கேட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இவர் சங்கத்தைத் திட்டிக்கொண்டே சங்கம் வாங்கிக் கொடுத்த பூட்டைப் போட்டிருக்கிறார். அவருடைய பெயர்ச் சீட்டு ஸ்பீக்கரின் பையில் மற்ற சீட்டுகளோடு கிடந்தது.

சம்பவத்துக்கு அடுத்த நாள் நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. நடந்தது கணவன் மனைவி சம்பந்தப்பட்ட துரதிருஷ்டவசமான குடும்பச் சம்பவம், கணவருக்கு ஆபத்து என்று பதறிய மனைவி நிதானம் இழந்துவிட்டார், இதற்கும் வேலை முறைக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே காவல் ஆள் பற்றிய கோரிக்கைக்கு இடமே இல்லை என்று அதில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் ஸ்பேனரை எடுத்தபோதுகூட வரவில்லை.

எங்கள் வக்கீலும் ஏறக்குறைய அதையே சொன்னார். "புருஷன் உள்ள இருக்கார்னு தெரிஞ்சுது, கை தன்னால போயிடுச்சுன்னு சொல்லுங்கம்மா. எந்தக் கோர்ட்டும் உங்களைத் தண்டிக்காது. யாருன்னே தெரியாம அடிச்சேன்னு சொன்னா, போராட்டப் பூட்டைக் காப்பாத்த அடிச்சீங்கன்னு ஆயிடும். வேலை போகும், உள்ளயும் போக வேண்டியிருக்கும்" என்றார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார், அவர் மேல் வருத்தம் இல்லை. ஆனால் போராட்டப் பூட்டுகளை வெட்டும்போது நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், அதை எல்லோரும் பார்த்தார்கள், படமும் இருக்கிறது. பதில் வராத ஒரே பூட்டுக்குத்தான் நான் கையை அவிழ்த்தேன். புருஷனுக்காக அடித்தேன் என்று இன்று நான் சொன்னால், புருஷனோ பெண்டாட்டியோ அங்கே வேலை பார்க்காதவர்களுடைய பூட்டுக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி வருகிறது. பெரியக்காவுக்கு யாரும் இல்லை. ஸ்பீக்கரின் கணவர் கப்பலில் இருக்கிறார்.

வீட்டில் என் கணவரும் கேட்டார். கதவை விட்டுவிட்டு நேராக என்னிடமே கேட்டார். "எனக்காகத்தான் அடிச்சேன்னு சொல்லிட்டுப் போயேன். அது என்ன பொய்யா?" என்றார்.

"பொய்தான்" என்றேன்.

"அப்ப வேற எவன் உள்ள இருந்தாலும் அடிச்சிருப்பே?"

"அடிச்சிருப்பேன்."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, "நான்தான் உள்ளன்னு தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார்.

"கை நடுங்கியிருக்கும். அடி தப்பிப் போயிருக்கும்" என்றேன்.

 அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கருங்காலி என்று சொன்னதை நான் அன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டாரா என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: இல்லை, சேரவில்லை. சேரச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மேசையின் மேல் எனக்குக் காட்டப்பட்ட ஸ்பேனர் என்னுடையது. அதைக் கொண்டுதான் அடித்தேன். அடுத்துக் காட்டப்பட்ட சிவப்புப் பூட்டு, வளையத்தில் கட்டரின் பல் பாதிவரை பதிந்திருப்பது, என் கணவருடையது. இதை இன்று தெரிந்து சொல்கிறேன். அடித்த நேரத்தில் அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஒருவருடையது என்று மட்டும் தெரியும். இந்த வரியை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று அதிகாரி இரண்டாவது முறையாகக் கேட்டார். இல்லை.

என் கணவர் இன்று என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சார்பாக ஒரு கோரிக்கை உண்டு. வழக்கு முடியும்வரை அந்தப் பூட்டு இங்கேயே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அது திரும்பி வரும்வரை அவருக்கு வேறொரு பூட்டுக் கொடுக்கும்படி தொழிற்சாலைக்கு ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு சூப்பர்வைசர் கேட்டும் அவர் எந்த இயந்திரத்துக்குள்ளும் போகவில்லை. பூட்டும் வேண்டும், கதவருகில் காவல்காரரும் வேண்டும், இரண்டும் இல்லாமல் காலை வைக்கமாட்டேன் என்று அவராகவே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். சங்கத்திலிருந்து யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதில் உள்ளவை நான் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டவை. அத்தனையும் உண்மை. யாருடைய யோசனைக்காகவும் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இது யாருடைய வாக்குமூலம் என்று எங்கே கேட்டாலும் என்னுடையது என்று பதில் சொல்வேன்.

(கையொப்பம்)